நூலகத் தந்தை இரங்கநாதன்: அலமாரியைத் திறந்த கணித ஆசிரியர்

கவிஞர் ஒருவரின் வாழ்க்கையைக் கவிஞர்கள் நடுவே எடுத்துரைப்பது எளிய பணி. நம் இலக்கிய வட்டம் கடந்த பத்தாண்டுகளில் அப்பணியைப் பலமுறை செய்திருக்கிறது. இம்மலருக்கெனக் கட்டுரை கேட்கப்பட்டபோது, கணிதம் பயிற்றுவித்துப் பின்னர் வாழ்நாள் முழுதும் நூலடுக்குகளுக்கிடையே நடந்த ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். காரணம் உண்டு. நம் திங்கள் கூட்டங்களில் எத்தலைப்பில் பேச்சுத் தொடங்கினாலும், அஃது ஓர் ஏக்கத்தில் வந்து முடிகிறது. இளைஞர் படிப்பதில்லை, நூலை வெளியிட்டால் வாங்குவாரில்லை, வாங்கினாலும் பிரிப்பாரில்லை. இவ்வேக்கம் புதியதன்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் இதே நிலையைச் சென்னையில் கண்ட ஒருவர், படிக்காதவர்மேல் குறைகூற மறுத்தார். நூலுக்கும் அவருக்கும் இடையே குறுக்கே நிற்பது யாது என்று தேடத் தொடங்கினார். அவரே நூலகத் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ். ஆர். இரங்கநாதன்.

தஞ்சைத் தரணியைச் சேர்ந்த சீயாழி, அதாவது இன்றைய சீர்காழி, அவர் பிறந்த ஊர். பிறந்த ஆண்டு 1892. ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் பிறந்தநாளாக, தேசிய நூலகர் நாளாக, கொண்டாடப்பெறுகிறது. தந்தையார் இராமாமிர்தம் சிறு நிலக்கிழார். இராமாயணத்தை அன்பர்களுக்கு எடுத்துரைக்கும் வழக்கம் உடையவர். மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் மறைந்தார். ஆயினும் அச்சிறுவனின் காதில் நூல் முதலில் ஒலியாகவே நுழைந்திருக்கும் என எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. நம் ஊர்களில் பாரதம் படிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது விளங்கும்.

சீர்காழிப் பள்ளியில் தேறிய பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே எட்வர்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவருக்குக் குருவாக வாய்த்தார். பின்னர்ச் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி. பேச்சில் திக்கல் உடையவர் ஆசிரியத் தொழிலை விரும்பி ஏற்றது வியப்புக்குரியது; முயன்று அதனை வென்றார். 1917 முதல் மங்களூரிலும் கோவையிலும் அரசுக் கல்லூரிகளில் பணியாற்றி, 1921இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். தாமே பேசி முடிக்கும் விரிவுரையைக் குறைத்து, மாணவரே நூலைத் தேடிப் படித்துவந்து பேசுமாறு வகுப்பை நடத்தும் போக்கு அப்போதே அவரிடம் இருந்தது. பிற்காலத்து நூலகர் இவ்வகுப்பறையில்தான் உருவானார் என்பது என் கருத்து.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியபோது, நண்பர்களின் தூண்டுதலால் இவரும் விண்ணப்பித்தார். நூலகவியல் பற்றி அவர் அறிந்தது ஒன்றுமில்லை. நேர்காணலுக்குச் சில நாள் முன்னர்க் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார் என்பர். 1924 சனவரியில் பொறுப்பேற்றார். ஏற்ற சில நாள்களிலேயே தனிமை அவரை வாட்டியது. மாணவர் முகம் காணாமல், வருவார் போவார் இன்றி, நூல்களோடு அடைந்து கிடப்பது சிறைவாசமாகத் தோன்றியது. மாநிலக் கல்லூரி முதல்வரிடமே திரும்பச் சென்று, பழைய வேலையைத் தந்தருளுமாறு வேண்டினார். நூலகப் பயிற்சிக்காக இலண்டன் சென்று வரும் ஏற்பாடு முன்னரே இருந்தது. அங்குப் போய்வந்த பின்னும் மனம் இசையாவிடில் கணிதத்திற்குத் திரும்பலாம் என்று முதல்வர் வாக்களித்தார். படிக்கத் தயங்குவோரைப் பற்றிப் பேசும்போது இந்நிகழ்ச்சியை நான் மறப்பதில்லை. இந்திய நூலக இயக்கத்தின் முதல்வரே ஒரு காலத்தில் நூலகத்தை விட்டு ஓட நினைத்தவர்தாம்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்சு என்பார் அவருக்கு ஆசிரியர். சேயர்சு குராய்டன் நகரப் பொதுநூலகத்தின் தலைவரும் ஆவார். வகுப்பறையினும் மிகுதியாக இரங்கநாதன் கற்றது அந்நூலகத்திலும், பிரித்தானியாவில் அவர் சுற்றிவந்த நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களிலுமே. அங்கே சிறுவர்க்கெனத் தனிப்பகுதி இருந்தது. தொழிலாளர் வேலை முடிந்து மாலையில் வந்தனர். அடுக்குகளுக்கிடையே நடந்து, கைக்கு எட்டிய நூலைப் புரட்டி, பிடித்தால் எடுத்துச் சென்றனர்; பிடிக்காவிடில் இருந்த இடத்தில் வைத்தனர். 1894இல் இலண்டனின் கிளார்க்கென்வெல் பகுதியில் சேம்சு டஃப் பிரௌன் என்னும் நூலகர் தொடங்கிவைத்த திறந்த அடுக்கு முறை அந்நாட்டில் அப்போது பரவி வேரூன்றி வந்தது. எல்லா நூலகங்களும் ஒரே நிலையில் இல்லை. சில பழைமையிலேயே நின்றன. இவ்வேறுபாடுகளுக்குப் பின்னே பொதுவான நெறி ஏதேனும் உண்டா என்ற கேள்வி, கணித அறிஞர்க்கே உரிய கேள்வி, அவர் நெஞ்சில் விழுந்தது. 1925இல் திரும்பியவர் கணிதத்துறைக்கு மீளவில்லை.

அக்காலத்தில் நம் நாட்டு நூலகம் எவ்வாறு இருந்தது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். நூல்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும். படிக்க வந்தவர் பட்டியலைப் பார்த்து, சீட்டில் நூலின் பெயரெழுதி, பணியாளரிடம் தந்து காத்திருப்பார். பணியாளர் கொண்டுவந்தால் உண்டு. நூலகரின் முதற்கடமை காவல். ஆண்டிறுதியில் எண்ணிக்கை குறையாதிருந்தால் அவர் நல்ல நூலகர். இம்முறையில் மறைந்திருக்கும் பெருங்குறை ஒன்று எளிதில் கண்ணுக்குப் புலனாவதில்லை. சீட்டில் பெயரெழுத வேண்டுமாயின் பெயர் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். யார்க்குத் தெரியும்? ஏற்கெனவே படிப்பவர்க்குத் தெரியும். படிக்கும் வழக்கமில்லாதவர்க்கு எந்நூலின் பெயரும் தெரியாது. தமக்கு எது பிடிக்கும் என்பதும் தெரியாது. அது தெரிய ஒரே வழி, பத்து நூல்களைக் கையிலெடுத்து ஒன்பதைத் திரும்ப வைப்பது. பூட்டிய அலமாரி அந்த ஒன்பதைத் திரும்ப வைக்கும் உரிமையைத்தான் பறிக்கிறது.

இரங்கநாதன் பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளைத் திறந்துவிட்டார். வாசகர் உள்ளே சென்று தாமே பார்த்து எடுக்கலாம் என்றாக்கினார். வேலைநேரத்தை நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிவரை நீட்டி, விடுமுறை நாள்களிலும் நூலகத்தைத் திறந்துவைத்தார். நூல்கள் களவு போகுமே என்ற அச்சத்திற்கு அவர் தந்த விடை கணிதக்காரரின் விடை. காணாமற்போகும் சில நூல்களின் விலையைவிட, ஒருவராலும் தொடப்பெறாமல் பூட்டிக் கிடக்கும் பல நூல்களின் இழப்பு பெரிது என்பதே அவர் கணக்கு. நடுக்கால ஐரோப்பாவில் நூல்களை இரும்புச் சங்கிலியால் மேசையோடு பிணைத்திருந்த வழக்கத்தை அவர் சுட்டிக்காட்டுவதுண்டு. சங்கிலி அறுந்தும் அம்மனப்பான்மை அறவில்லை என்பது அவர் கண்டது.

வாசகரைத் தனியே விட்டுவிடுவதே போதும் என்றும் அவர் கருதவில்லை. திகைத்து நிற்பவர் அருகே சென்று, அவர் நாட்டத்தைக் கேட்டறிந்து, பொருந்தும் நூலைக் காட்டும் பணிக்கென ஆள்களை அமர்த்தினார். நூலகத்தின் மற்றெல்லா வேலைகளும் இப்பணிக்காகவே என்று கொண்டார். இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. நூலைக் காட்டுவது வேறு, சுமத்துவது வேறு. முன்னது நூலகரின் வேலை. பின்னது பாடத்திட்டத்தின் வேலை. பாடத்திட்டக் குழுவில் அமர்ந்தவள் என்ற முறையில் இவ்வேறுபாட்டின் கூர்மையை நான் அறிவேன்.

1928ஆம் ஆண்டு அவர் வாழ்வில் துயரும் ஆக்கமும் கலந்த ஆண்டு. சென்னை நூலகச் சங்கம் தோன்றியது அவ்வாண்டில். அவர் துணைவியார் உருக்மிணி அம்மையார் விபத்தில் மறைந்ததும் அவ்வாண்டில். நூலகத்துறையின் எல்லா நடைமுறைகளையும் சில அடிப்படைக் கூற்றுகளுள் அடக்க முடியுமா என்று பல நாளாகத் தேடிவந்தவர்க்கு விடை கிடைத்ததும் அதே ஆண்டுதான். தம் ஆசிரியர் ராசிடம் குழப்பத்தைச் சொன்னபோது, அவர் இயல்பாகக் கூறிய ஒரு சொல்லே முதல் விதியாயிற்று என்பர். நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுவதற்கே உரியன என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் உண்டு என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தைக் காத்தல் நான்காவது. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது.

படித்தவுடன் இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் இரண்டாம் விதியை அவர் விரிக்கும்போதுதான் அதன் வீச்சு தெரிகிறது. ஒவ்வொரு வாசகர் என்றால் ஆண்மக்கள் மட்டுமல்லர், பெண்களும். நகரத்தார் மட்டுமல்லர், சிற்றூராரும். பார்வையற்றவரும், நோயாளியும், சிறைப்பட்டவரும் என ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறார். எழுத்தறியாதவர்க்குப் பிறர் படித்துக்காட்டுவதும் நூலகத்தொண்டே என்கிறார். 1931இல் இதனை எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

நம் ஊரைப் பற்றி ஈண்டு ஒரு சொல். முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை முன்னிட்டு, குடவோலை கண்ட ஊர் என்று நாம் பெருமிதம் கொள்கிறோம், தகும். ஆயினும் அக்கல்வெட்டைப் படித்தவர்கள், குடத்தில் ஓலை இடப்பெறுவதற்கு வேண்டிய தகுதிகளையும் அறிவர். நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது வரம்பு உண்டு, மறைநூற் பயிற்சியும் வேண்டும். இரங்கநாதனின் இரண்டாம் விதியில் இத்தகைய தகுதிப்பட்டியல் ஏதுமில்லை. வாசகர் என்பதற்கு வந்து நிற்பதே தகுதி.

தகுதிப்பட்டியல் நம் நெஞ்சை விட்டுப் போனதா என்பது ஐயமே. நான் பயின்ற பள்ளி ஒன்றில் நூலக அலமாரி ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் திறக்கும். இன்று எங்கள் வகுப்புகளுக்கு வரும் மாணவருள் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்போர். படிப்பில் நாட்டமில்லாதவர் என்று ஆசிரியர் அறையில் பெயர் பெற்ற மாணவர் ஒருவர், கால்நடை வளர்ப்புப் பற்றிய நூலொன்றை நூலகத்தில் நின்றபடியே ஒருமணி நேரம் படித்ததை நான் கண்டதுண்டு. அடுத்த கிழமை அதே அடுக்கில் மாட்டு வைத்தியம் பற்றி வேறொன்று; பிறகு ஏரிகளைப் பற்றிய நூல்; அதன்பின் கரிசல் நிலத்துக் கதைகள். சங்கப் பாடலுக்கு அவர் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். அவரை நாட்டமில்லாதவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? நாம் தேர்ந்தவற்றில் நாட்டமில்லாதவர் என்பதே சரி. இதனை நம் வட்டத்திலேயே சிலர் ஒப்புவதில்லை. நல்ல இலக்கியத்தை முதலிலேயே ஊட்டவேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஊட்டலாம்தான்; வாயைத் திறப்பது உண்பவர் பொறுப்பன்றோ?

விதியை நூலில் எழுதியதோடு இரங்கநாதன் அமையவில்லை. அதே 1931இன் அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார் மாட்டுவண்டி நூலகத்தை உருட்டிவிட்டார். சென்னை நூலகச் சங்கத்தின் பரப்புரையில் உந்துதல் பெற்ற முயற்சி அது. ஊர் நூலுக்கு வரவில்லையெனில் நூல் ஊருக்குப் போகட்டும் என்ற எண்ணம். நெல்வண்டியும் வைக்கோல்வண்டியும் போன தடத்தில் நூல்வண்டி போன காட்சியைக் கவிஞர்கள் எவரேனும் பாடினால் நன்று.

வள்ளல்களின் நற்பண்பை மட்டும் நம்பி நூலகம் நிலைக்காது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். பரோடாவில் மன்னர் சாயாசிராவ் கெய்க்வாட் 1910இல் அமெரிக்க நூலகர் ஒருவரை வரவழைத்துச் சிற்றூர்வரை நூலகங்களைக் கண்டிருந்தார். ஆனால் அங்கு ஆணையிட ஓர் அரசர் இருந்தார். ஏனைய இடங்களுக்குச் சட்டம் வேண்டும். 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டமொன்றை அவர் முன்வைத்தார். சென்னைச் சட்டமன்றத்தில் முப்பதுகளில் எழுந்த முயற்சி நிறைவேறவில்லை. கல்வி அமைச்சராக அவினாசிலிங்கம் செட்டியார் இருந்தபோது, 1948இல், சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் இதுவே. வீட்டு வரியோடு நூலகத்திற்கெனச் சிறு பங்கு ஒதுக்கப்பெற்றது. கூரைக்கு வரி கட்டுபவர் ஒவ்வொருவரும் நூலகத்தின் உரிமையாளர் என்று இதனைச் சொல்லலாம். நம் மாவட்டத்தின் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இச்சட்டத்தின் வழிவந்தவை.

கவிஞர்களாகிய உங்களுக்கு மூன்றாம் விதியே நெருக்கமானது. அச்சேறிய ஒவ்வொரு நூலும் தன் வாசகரை நோக்கிக் காத்திருக்கிறது. அவரைத் தேடிச் சேர்ப்பது நூலகரின் கடன். அதற்கு அவர் காட்டிய வழிகள் எளியவை. புதிய வரவுகளை வாயிலருகே பரப்பிவைத்தல், கண்மட்டத்தில் அடுக்குதல், ஒரு பொருள் பற்றியனவற்றை அருகருகே நிறுத்துதல், வாசகர் வட்டங்கள் அமைத்தல். ஆம், நாம் பத்தாண்டுகளாகச் செய்துவருவதும் அவர் பட்டியலில் உண்டு. நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடையும் மாலையும் ஏறும் மேடையில், நூலைப் புரட்டிப்பார்க்க ஒரு மேசை போடப்படுகிறதா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

அவருடைய கோலன் பகுப்புமுறை உலகப் புகழ் பெற்றது. இலண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளின் சில துண்டுகளால் பலவகைப் பொம்மைகள் ஆவதைக் கண்டு, அறிவுத்துறைகளையும் அவ்வாறு கூறுகளாக்கி இணைக்கலாம் என்று எண்ணினார். 1933இல் அது நூலாயிற்று. அறிஞர் போற்றும் அப்பெருஞ்சாதனை நம் பொருளுக்கு அப்பாற்பட்டது. ஒன்று மட்டும் சொல்லலாம்: அதன் நுணுக்கம் மிகுந்தமையால் பின்பற்றுவோர் சிலரே ஆயினர். நம் பொதுநூலகங்களும் பெரும்பாலும் டூயி முறையில்தான் நூல்களை அடுக்குகின்றன. எளிய ஐந்து விதிகள் சென்ற தொலைவு அப்பெருந்திட்டம் செல்லவில்லை.

இருபதாண்டுப் பணிக்குப் பின் 1944இல் சென்னையை விட்டு நீங்கினார். காசிப் பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம், சூரிக் நகரம் எனச் சுற்றி, 1957இல் பெங்களூரில் அமர்ந்தார். பத்மஸ்ரீ விருது அவ்வாண்டில் வந்தது. தம்மிடம் கடுமையாகவும் தம்மோடு உழைப்போரிடம் அதே கடுமையோடும் நடந்துகொண்டவர். ஓய்வு என்பதை அறியார். அக்கடுமை வாசகர்மேல் மட்டும் பாயவில்லை. வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, நூலகவியல் இருக்கை ஒன்றைத் தம் இரண்டாம் துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரோடு நிறுவினார்.

எழுபத்தைந்தாம் வயதில், 1967இல், அவர் எழுதி வெளியிட்ட நூல் நூலகத்தைப் பற்றியதன்று. கணிதமேதை சீனிவாச இராமானுசனின் வாழ்க்கை பற்றியது. கும்பகோணத்துச் சிறுவன் இராமானுசனுக்கு 1903இல் நண்பர் வழியாக நூலகப் பிரதியொன்று கிடைத்தது. கார் என்னும் ஆங்கிலேயத் தனிப்பயிற்சி ஆசிரியர், தேர்வுக்கு மாணவரை ஆயத்தப்படுத்துவதற்காக ஆயிரக்கணக்கான தேற்றங்களைத் தொகுத்த நூல் அது. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை; படி என்று எவரும் சொல்லவுமில்லை. இராமானுசன் அதில் மூழ்கினார். அதன்பின் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். தேர்வுத்தாளின்படி அவரும் படிப்பில் நாட்டமில்லாதவரே. இக்கதையை எழுத இரங்கநாதனைவிடப் பொருத்தமானவர் இருந்திருக்க முடியாது. அந்நூல் வெளிவந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1972 செப்டம்பர் 27ஆம் நாள், பெங்களூரில் அவர் காலமானார்.